பக்கத்துப் படுக்கைக் குழந்தைக்கும் சேர்த்துத்தான் அந்தச் சொட்டு மருந்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில நாள்களுக்கு முன் உங்கள் வாசகர் பக்கத்தில் ஓர் இளம் தாய், ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து தன் குழந்தைக்குத் தேவைதானா என்று கேட்டிருந்தார். காய்ச்சி ஆற வைத்த தண்ணீர், கழுவிய கை, தாய்ப்பால் என்று எல்லாம் ஒழுங்காக நடக்கிற வீட்டில் வயிற்றுப்போக்குக்கு எதற்குத் தனியாக ஒரு மருந்து என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நான் 31 வருடம் குழந்தைகள் வார்டில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள். அந்தக் கேள்விக்கு வீட்டுக்குள் மட்டும் பதில் தேடினால் பாதிதான் கிடைக்கும். மீதிப் பாதி வார்டில் இருக்கிறது.

வீட்டுப் பாதியைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ரோட்டா வைரஸ் சுத்தமான வீடு, சுத்தமில்லாத வீடு என்று பார்ப்பதில்லை. தடுப்பு மருந்து வருவதற்கு முன்பு, உலகில் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் ஐந்து வயதுக்குள் ஒரு முறையாவது இந்தத் தொற்று வந்துவிடும். குழாயைத் திறந்தால் நல்ல தண்ணீர் வருகிற நாடுகளிலும் அப்படித்தான். சரியான நேரத்தில் டிரிப் ஏற்ற இடம் கிடைத்த குழந்தை பிழைத்தது, கிடைக்காத குழந்தை பிழைக்கவில்லை. அங்கேதான் வித்தியாசம். 2000-ஆம் ஆண்டில் மட்டும் ஐந்து வயதுக்குட்பட்ட 5 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் இதனால் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். 2013-இல் அது 2 லட்சத்துச் சொச்சமாக இறங்கியது. உப்பு சர்க்கரைக் கரைசலும் இதில் பங்கு வகித்தது, தடுப்பு மருந்தும் ஒரு பங்கு வகித்தது.

இனி வார்டுக்கு வருகிறேன்.

தடுப்பு மருந்து இன்னும் எங்கள் அட்டவணையில் சேராத காலம். ஏழாம் நம்பர் படுக்கையில் எட்டு மாதக் குழந்தை ஒன்று ஹெர்னியா (குடலிறக்கம்) ஆபரேஷனுக்காக வந்திருந்தது. நல்ல கொழுகொழுவென்ற குழந்தை. ஆபரேஷன் நன்றாக முடிந்தது. இரண்டு மூன்று நாளில் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று நள்ளிரவில் ஆறாம் நம்பர் படுக்கைக்கு ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கண் உள்ளே போய்விட்டது. அழுதால் கண்ணீர் வரவில்லை. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் அப்படியே நின்றது. பார்த்ததுமே எங்களுக்குத் தெரியும், வாந்தி பேதியில் உடம்பின் நீரெல்லாம் வற்றி வந்த குழந்தை. தனி அறை காலி இல்லை. இருந்த ஒரே படுக்கை ஆறுதான்.

எங்கள் வார்டில் எடை பார்க்கும் தராசு ஒன்றுதான் இருந்தது. வெள்ளைத் தட்டு வைத்த தராசு. பேதியாகும் குழந்தைக்கு எவ்வளவு நீர் குறைந்திருக்கிறது, ஏற்றிய டிரிப் எவ்வளவு தாங்குகிறது என்று தெரிய, தினமும் எடை பார்ப்போம். ஆறாம் படுக்கைக் குழந்தையை அதில் கிடத்தினேன். எடுத்த பிறகு தட்டை ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடைப்புத் துடைத்தேன். அதன் மேல் துணியை மாற்றினேன். அடுத்து ஏழாம் படுக்கைக் குழந்தையைக் கிடத்தினேன். காலை ஏழரை மணி, டியூட்டி மாறும் நேரம், இன்னும் பதினோரு குழந்தைகள் வரிசையில். அந்தத் துடைப்பு எத்தனை நொடி நீடித்திருக்கும் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

தராசால்தான் தொற்றியது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. என் கையால் தொற்றியிருக்கலாம், இரண்டு படுக்கைக்கும் பொதுவாக நின்ற டிரிப் ஸ்டாண்டால் இருக்கலாம், ஆறாம் படுக்கைக் குழந்தையின் டயப்பரைக் கழற்றி வைத்த ட்ரேயால் இருக்கலாம். இரண்டு நாள் கழித்து ஏழாம் படுக்கைக் குழந்தை முதலில் வாந்தி எடுத்தது. அப்புறம் காய்ச்சல். அன்று மாலைக்குள் தண்ணீராகப் போக ஆரம்பித்துவிட்டது. டிஸ்சார்ஜ் நின்றது. டிரிப் ஏற்றப் புதிதாகக் கேனுலா போட நரம்பு கிடைக்கவில்லை. இரண்டு புறங்கையிலும் குத்தி, கடைசியில் காலில் கிடைத்தது. குழந்தை வீறிட்டு அழும்போதெல்லாம் தையல் போட்ட இடத்தில் அழுத்தம் விழுமே என்று அதன் தாய் தன் உள்ளங்கையை அதன் அடிவயிற்றில் லேசாக வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். அந்தக் கை எனக்கு மறக்கவில்லை. வீட்டுக்குப் போக மேலும் ஆறு நாள் ஆனது.

பேதி தொடங்கிய இரண்டாம் நாள் அந்தத் தாய் என்னிடம் கேட்டார், "நான் ஏதாவது தப்பாகக் கொடுத்துவிட்டேனா சிஸ்டர்?" நான், "இல்லம்மா, வயிறு கொஞ்சம் சரியில்லை, சரியாகிவிடும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

இந்த வைரஸைப் பற்றி அப்போது எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். பிறகுதான் தேடித் தேடிப் படித்தேன். 1973-இல் மெல்போர்ன் நகரில் ரூத் பிஷப் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடன் வேலை செய்தவர்களும், பேதியில் கிடந்த குழந்தைகளின் குடல் திசுவை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது இது கண்ணில் பட்டது. சக்கரம் போன்ற வடிவம். லத்தீனில் சக்கரத்துக்கு ரோட்டா என்று பெயர், அதையே இதற்கும் வைத்தார்கள். நோய் வந்த குழந்தையின் ஒரு கிராம் மலத்தில் ஆயிரம் கோடிக்கும் மேல் வைரஸ் துகள்கள் இருக்கக்கூடும். இன்னொரு குழந்தைக்கு நோய் வர நூறுக்கும் குறைவான துகள்கள் போதும். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வார்டில் என்ன நடக்கும் என்பது புரிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத ஒரு தீற்றல் போதும். மேலே கொழுப்பு உறை இல்லாத வைரஸ் என்பதால் சோப்புக்கும் அவசரத் துடைப்புக்கும் எளிதில் மசியாது. கையில் சில மணி நேரம், தராசிலும் கட்டில் கம்பியிலும் பொம்மையிலும் பல நாள் உயிரோடு இருக்கும். சரியான அளவில் கலந்த குளோரின் கரைசல் வேண்டும், அது பரப்பில் தங்கி வேலை செய்ய நேரமும் வேண்டும். இன்னொரு சங்கடம், குழந்தைக்குப் பேதி தொடங்குவதற்கு முன்பே வைரஸ் வெளியேற ஆரம்பித்துவிடுகிறது. ஆகவே, பேதி தெரிந்தவுடன் ஒதுக்கி வைத்தாலும் பல சமயம் தாமதமாகிவிடுகிறது.

கை கழுவுவதை நான் ஒருபோதும் குறைத்துப் பேச மாட்டேன். ஜூனியர் பிள்ளைகளை அதற்காக எவ்வளவோ கடிந்திருக்கிறேன். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரே செவிலியர் பதினெட்டுக் குழந்தைகளைப் பார்க்கும்போது, ஒரு குழந்தைக்கு மூச்சுத் திணறல், இன்னொன்றுக்கு டிரிப் கழன்றுவிட்டது என்று ஓடும்போது, ஒவ்வொரு தொடுதலுக்கு நடுவிலும் முழுதாகக் கை கழுவுவது நடக்கிற காரியமா? இதை வேலை செய்தவள் என்ற முறையில் சொல்கிறேன். எவ்வளவு கவனமாக இருந்தாலும், வைரஸ் கூட்டமாக வந்து நிற்கிற வார்டில் நாங்கள் தோற்றுக்கொண்டுதான் இருந்தோம்.

அந்த ஏழாம் படுக்கைக்குப் பிறகு நான் ஒரு நோட்டு வைத்துக்கொண்டேன். வேறு எதற்காகவோ வந்து, வார்டில் சேர்ந்து இரண்டு நாளுக்கு மேல் ஆன பிறகு பேதி தொடங்கிய குழந்தைகளைச் சிவப்பு மையில் குறித்தேன். தொற்றிய பிறகு நோய் வெளியே தெரிய ஒன்று முதல் மூன்று நாள் ஆகும் என்பதால், இரண்டு நாள் என்பது பொதுவாக எல்லோரும் வைத்துக்கொள்ளும் கோடு. சில மாதங்களில் பக்கம் முழுக்கச் சிவப்பாக இருக்கும். நிமோனியாவுக்கு வந்த குழந்தை, தீக்காயத்துக்கு வந்த குழந்தை, இதய ஆபரேஷனுக்குக் காத்திருந்த குழந்தை. அந்த இதய ஆபரேஷன் குழந்தைக்குத் தேதி தள்ளிப்போனது.

பிறகு சொட்டு மருந்து அட்டவணையில் வந்தது. முதல் வருடம் எனக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. அடுத்தடுத்த வருடங்களில் நோட்டைப் புரட்டினால், சிவப்பு மை குறைந்துகொண்டே வந்தது. எங்கள் பழக்கம் அப்படி ஒன்றும் மாறிவிடவில்லை, அதே தராசு, அதே ராத்திரி டியூட்டி, அதே ஆள் பற்றாக்குறை. மாறியது ஒன்றுதான். நள்ளிரவில் கண் உள்ளே போய்த் தூக்கி வரப்படும் குழந்தைகள் குறைந்துபோனார்கள். ஆறாம் படுக்கைக்கு அந்தக் குழந்தை வரவில்லை என்றால், ஏழாம் படுக்கைக்கு எங்கிருந்து தொற்றும்?

என் நோட்டு ஆராய்ச்சி இல்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் முறையாகப் பார்த்தவர்களும் இதையே கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் 2006-இல் இந்த மருந்து அட்டவணையில் சேர்ந்தது. அதன் பிறகு சிகாகோவில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில், வெளியிலிருந்து ரோட்டாவோடு வரும் குழந்தைகள் குறையக் குறைய, உள்ளே வந்தபின் தொற்றிக்கொள்ளும் குழந்தைகளும் கூடவே குறைந்தார்கள் என்று 2011-இல் வெளியிட்டார்கள். பிரிட்டனில் 2013 ஜூலையில் தொடங்கினார்கள். முதல் வருடத்திலேயே கைக்குழந்தைகளிடம் பரிசோதனையில் உறுதியான ரோட்டா தொற்று 77 சதவீதம் குறைந்தது. லிவர்பூலில் உள்ள பெரிய குழந்தைகள் மருத்துவமனையில் வார்டுக்குள் தொற்றுவதும் இறங்கியது. சிகாகோவில் இன்னொன்றும் பார்த்தார்கள். சொட்டு மருந்தே போடாத பெரியவர்களிடம்கூட ரோட்டா ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. குழந்தைக்குப் போட்டது தாத்தா பாட்டி வரை போய்ச் சேர்ந்திருக்கிறது.

அந்த இளம் தாய்க்கு நான் சொல்ல வந்த மீதிப் பாதி இதுதான். உங்கள் குழந்தைக்குப் போடும் சொட்டு, நீங்கள் ஒருபோதும் பார்க்கப்போகாத ஒரு குழந்தைக்கும் போய்ச் சேர்கிறது. இந்த மருந்தைப் போட்டுக்கொள்ளவே முடியாத குழந்தைகள் இருக்கிறார்கள். ஆறு வாரம் நிறையாத பச்சிளம் குழந்தைக்கு இது கொடுப்பதில்லை. பிறவியிலேயே நோய் எதிர்ப்புச் சக்தி அடியோடு இல்லாத குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது, ஏனென்றால் இதில் இருப்பது வலுவிழந்த உயிருள்ள வைரஸ். ரத்தப் புற்றுக்கு மருந்து ஏறிக்கொண்டிருக்கும் குழந்தை, தன் பங்குச் சொட்டை எப்போதோ வாங்கியிருந்தாலும், இப்போது எதிர்த்து நிற்க உடம்பில் தெம்பில்லை. அப்படிப்பட்ட குழந்தைக்கு ரோட்டா தொற்றினால் வாரக்கணக்கில் உடம்பை விட்டு நீங்காது, அத்தனை நாளும் அதுவே மற்றவர்களுக்கும் பரப்பும். இந்தக் குழந்தைகளுக்கெல்லாம் காவல், பக்கத்துப் படுக்கைக்கு வரும் குழந்தை போட்டுக்கொண்ட மருந்துதான். வேறு வழி அவர்களுக்கு இல்லை.

இந்த மருந்தின் கதையில் என்னை மிகவும் தொட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். 1980-களில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில், பிறந்த குழந்தைகளின் வார்டில் ஒரு ரோட்டா வைரஸ் பரவியிருந்தது. ஆனால் அந்தக் குழந்தைகளுக்கு நோய் வரவில்லை. டாக்டர் எம்.கே. பான் தலைமையில் அதைக் கவனித்தவர்கள், அந்தக் குழந்தைகள் வளரும்போது கடுமையான ரோட்டா பேதியிலிருந்து தப்பிப்பதையும் பார்த்தார்கள். 116இ என்று பெயர் வைத்த அந்த வைரஸிலிருந்துதான் ரோட்டாவேக் மருந்து வந்தது. 2014-இல் அனுமதி கிடைத்து, 2016-இல் இந்தியாவின் தடுப்பூசித் திட்டத்தில் சேர ஆரம்பித்தது. மெல்போர்னிலும் இதுபோல் பிறந்த குழந்தைகளின் வார்டில் கிடைத்த ஒரு வைரஸை வைத்து வேலை செய்திருக்கிறார்கள். வார்டுக்குள் கைக்குக் கை பரவிய ஒன்று, உலகத்தின் வார்டுகளைக் காப்பாற்றும் மருந்தாகியிருக்கிறது. யாரோ ஒரு செவிலியர் தினம் தினம் அந்தக் குழந்தைகளின் மலத்தைச் சேகரித்துக் கொடுத்திருப்பார். நான் அந்த வேலையைச் செய்திருக்கிறேன், அதனால் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

மருந்தின் குறையையும் மறைக்கக் கூடாது. வசதியான நாடுகளில் கடுமையான ரோட்டா பேதியை இது மிக நன்றாகத் தடுக்கிறது. ஏழை நாடுகளில் அவ்வளவு இல்லை. ரோட்டாவேக் சோதனையில் கடுமையான பேதி பாதிக்குச் சற்று மேல்தான் குறைந்தது. ஆனால் பாதிக் குழந்தைகள் வார்டுக்கு வராமல் போனாலே ராத்திரி டியூட்டி எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். அப்புறம், குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும் ஆபத்து. 1998-இல் வந்த முதல் மருந்தை இதற்காகவே அடுத்த வருடம் திரும்பப் பெற்றார்கள். இன்றைய மருந்துகளில் அது மிக அரிது, அமெரிக்கக் கணக்குப்படி ஒரு லட்சம் குழந்தைகளில் 1 முதல் 5 வரை. சொட்டு போட்ட ஒரு வாரத்துக்குள் குழந்தை விட்டு விட்டு வீறிட்டு அழுதாலோ, காலை மடக்கி வயிற்றோடு சேர்த்துக்கொண்டாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். போடும் செவிலியர் இதைத் தாயிடம் சொல்லி அனுப்பாவிட்டால் அது அவர் தவறு.

மருந்து வந்துவிட்டது, இனி வார்டில் பயமில்லை என்று இருந்துவிடவும் முடியாது. ரோட்டா பின்வாங்கிய அமெரிக்காவில் குழந்தைகளின் வாந்தி பேதிக்கு நோரோ வைரஸ் முதல் காரணமாகிவிட்டது. அதற்கு இன்னும் குழந்தைகளுக்கான தடுப்பு மருந்து அட்டவணையில் இல்லை. எனவே குளோரின் வாளியும் கை கழுவும் தொட்டியும் அப்படியே இருக்கட்டும்.

மருத்துவமனைகளிடம் எனக்கு ஒரு குறை இருக்கிறது, எந்த இடத்தையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. ஆபரேஷன் புண்ணில் சீழ் வைத்தால் எண்ணுகிறோம், கதீட்டர் போட்ட இடத்தில் தொற்று வந்தால் எண்ணுகிறோம். வார்டில் தொற்றிய பேதியை எத்தனை இடத்தில் எண்ணுகிறார்கள்? குழந்தை வீட்டுக்குப் போய் மறுநாள் பேதி தொடங்கினால் அது யார் கணக்கிலும் வராது. தாய் தன்னைத்தான் நொந்துகொள்வார். டிஸ்சார்ஜ் ஆன மூன்றாம் நாள் ஒரு போன் செய்து, "குழந்தைக்கு வாந்தி பேதி ஏதாவது உண்டா?" என்று கேட்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. சேர்க்கும்போதே தடுப்பூசி அட்டையை வாங்கிப் பார்த்து, ரோட்டா சொட்டு விடுபட்டிருந்தால் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைக்கலாம். வீட்டுக்குப் போகும் நாளில், வயது தாண்டாமல் இருந்தால் போட்டே அனுப்பலாம். மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கு வார்டிலேயே போடலாமா என்பதில் நாட்டுக்கு நாடு வழக்கம் வேறுபடுகிறது, சொட்டு போட்ட குழந்தையின் மலத்திலும் மருந்து வைரஸ் கொஞ்ச நாள் வெளியேறும் என்பதால் வந்த தயக்கம். போட்டுப் பார்த்த இடங்களில் மற்றக் குழந்தைகளுக்குப் பரவியது மிக அரிது என்றுதான் படித்திருக்கிறேன். எப்படி முடிவு செய்தாலும், குழந்தை வயதைத் தாண்டிச் சொட்டே போடாமல் வீட்டுக்குப் போகும்படி விட்டுவிடக் கூடாது.

கடைசியாக, ஏழாம் படுக்கையில் உட்கார்ந்திருந்த அந்தத் தாய் உங்கள் நாளிதழைப் படிப்பவராக இருக்கலாம். அந்தக் குழந்தை இப்போது வளர்ந்து பெரியவராகியிருக்கும். அம்மா, நீங்கள் கொடுத்த எதனாலும் உங்கள் குழந்தைக்கு அந்தப் பேதி வரவில்லை. அது எங்கள் வார்டில் தொற்றியது. அன்று நீங்கள் கேட்டபோதே நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
குழந்தைகள் வார்டில் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர்